கண்ணுக்குத் தெரியாத தோழன்

ஆறு வயதுச் சிறுவன் ஒருவன். பெயர் கால்வின். அண்ணன் தம்பி இல்லை. அக்காள் தங்கையும் இல்லை. வீட்டுக்கு ஒரே பிள்ளை.

ஆனால் அவனுக்கு உயிருக்கு உயிரான நண்பன் ஒருவன் உண்டு. அந்த நண்பன் மனிதன் அல்ல. புலி!

புலியின் பெயர் ஹாப்ஸ். அது இரண்டு கால்களால் நடக்கும். பேசும். வாதாடும். கால்வின் பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டுக் கதவைத் திறந்தால் போதும். பாய்ந்து வந்து அவனைக் கீழே தள்ளும்.

அந்த நேரத்தில் கால்வினின் அம்மா வந்து பார்த்தால்?

புலியைக் காணோம்! அங்கே கிடப்பது பஞ்சு அடைத்த சின்னப் பொம்மை.

இது அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த படக்கதை. "கால்வினும் ஹாப்சும்" என்பது அதன் பெயர். 1985-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி தொடங்கியது. 1995-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி முடிந்தது. முதலில் 35 பத்திரிகைகளில்தான் வந்தது. முடியும்போது 2,400-க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது.

படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் இந்தக் கதையில் சிரிப்பு மட்டும் இல்லை. பெற்றோருக்கு ஒரு பாடமும் இருக்கிறது.

பிள்ளை தனியாக உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாத தோழனோடு பேசுகிறது. பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறது. "என் நண்பனுக்கும் இடம் விடு" என்று அடம் பிடிக்கிறது. அப்போது என்ன செய்வது? அதட்டுவதா? கேலி செய்வதா? டாக்டரிடம் கொண்டு போவதா?

பெரும்பாலும் இந்த மூன்றும் வேண்டாம். அந்தத் தோழனை விரட்டக்கூடாது. ஏன்?

வரைந்தவர் யார்?

இந்தக் கதையை வரைந்தவர் பில் வாட்டர்சன். 1958-ல் பிறந்தவர். ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிற்றூரில் வளர்ந்தவர்.

1980-ல் கல்லூரிப் படிப்பை முடித்தார். ஒரு பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரம் வரையும் வேலை கிடைத்தது. அது சில மாதங்களில் போய்விட்டது. பிறகு மளிகைக்கடை விளம்பரங்களைப் பக்கத்தில் அமைத்துக் கொடுக்கும் வேலை பார்த்தார். பிடிக்காத வேலை. வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்தார்.

ஓய்வு நேரத்தில் படக்கதைகள் வரைந்து அனுப்பினார். அவை திரும்பி வந்தன. மறுபடியும் அனுப்பினார். மறுபடியும் திரும்பி வந்தன.

அப்படி வரைந்த கதை ஒன்றில், கதாநாயகனுக்கு ஒரு தம்பி இருந்தான். அந்தத் தம்பியிடம் ஒரு புலிப் பொம்மை இருந்தது. "மற்றவர்களை விடுங்கள். இந்தத் தம்பியும் புலியும்தான் நன்றாக இருக்கிறார்கள்" என்ற கருத்து அவருக்குக் கிடைத்தது.

ஓரத்தில் நின்ற தம்பி நடுவுக்கு வந்தான். அவன்தான் கால்வின்!

கால்வின் என்பது 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த மதச் சீர்திருத்தக்காரர் ஒருவரின் பெயர். ஹாப்ஸ் என்பது 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தத்துவ ஞானியின் பெயர். குறும்புக்காரச் சிறுவனுக்கும் பஞ்சுப் புலிக்கும் இவ்வளவு பெரிய பெயர்கள்!

எது உண்மை?

ஹாப்ஸ் உண்மையில் புலியா? பொம்மையா?

இந்தக் கேள்வியைக் கேட்காத வாசகர் இல்லை. வாட்டர்சன் பதில் சொல்லவில்லை. அவர் செய்தது இதுதான். கால்வின் தனியாக இருக்கும் கட்டத்தில் உயரமான புலியை வரைந்தார். வேறு யாராவது வந்துவிட்டால் பொம்மையை வரைந்தார். பொம்மை திடீரென்று உயிர் பெறுகிறது என்று அவர் சொல்லவில்லை. எல்லாம் வெறும் பிரமை என்றும் சொல்லவில்லை. கால்வின் ஒரு விதமாகப் பார்க்கிறான். மற்றவர்கள் வேறு விதமாகப் பார்க்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினார். அவ்வளவுதான்.

ஒரு கதையைப் பாருங்கள். கால்வின் மாயவித்தைக்காரனாக நடிக்கிறான். கட்டை அவிழ்த்துக்கொண்டு தப்புவதாக விளையாட்டு. ஹாப்ஸ் அவனை நாற்காலியில் வைத்துக் கயிற்றால் கட்டிவிடுகிறது. தப்ப முடியவில்லை. அப்பா வந்து பார்க்கிறார். பையன் கட்டுண்டு கிடக்கிறான். பக்கத்தில் பொம்மை. தன்னைத் தானே இவன் எப்படிக் கட்டிக்கொண்டான்? அப்பாவுக்கு விளங்கவே இல்லை!

இங்கிலாந்தில் டொனால்டு வின்னிகாட் என்ற குழந்தை வைத்தியர் இருந்தார். குழந்தைகள் கந்தல் துணியையும் பழைய பொம்மையையும் விடாமல் கட்டிக்கொண்டு தூங்குகின்றனவே, அது ஏன் என்று அவர் ஆராய்ந்தார். 1951-ல் தம் கருத்தை வெளியிட்டார். தாயின் மடியை விட்டு வெளி உலகத்துக்குப் போகும் குழந்தைக்கு அந்தத் துணி ஒரு பாலம் என்றார். "இது நீயே கற்பனை செய்ததா, வெளியில் இருந்து வந்ததா?" என்று குழந்தையிடம் கேட்கவே கூடாது என்பது அவருடைய முக்கியமான கருத்து.

வைத்தியர் எழுதிச் சொன்னதை வாட்டர்சன் படம் போட்டுக் காட்டினார். கேள்வியைக் கேட்காமல் விட்டதில்தான் இருவருடைய புத்திசாலித்தனமும் இருக்கிறது.

முன்னால் வந்த பிள்ளைகள்

பத்திரிகைப் படக்கதையில் கற்பனைப் பிள்ளைகள் நெடுநாளாக உண்டு.

1905-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வின்சர் மெக்கே என்பவர் ஒரு படக்கதையைத் தொடங்கினார். நீமோ என்ற சிறுவன் கனவில் ஊர் ஊராகச் சுற்றுவான். கடைசிக் கட்டத்தில் விழித்துக்கொள்வான். பல நாள் கட்டிலில் இருந்து கீழேயே விழுந்து கிடப்பான்!

1942-ல் கிராக்கெட் ஜான்சன் என்பவர் பார்னபி என்ற ஐந்து வயதுச் சிறுவனின் கதையைத் தொடங்கினார். அவனுக்கு ஒரு தேவதை துணை. அழகான பெண் தேவதை அல்ல. தொப்பை போட்ட குள்ள மனிதர்! முதுகில் சின்னஞ்சிறு இறக்கை. மந்திரக்கோலுக்குப் பதிலாகக் கையில் சுருட்டு! பையன் சொல்வதைப் பெற்றோர் நம்பவில்லை. "பையனுக்கு என்னவோ ஆகிவிட்டது" என்று கவலைப்படுகிறார்கள்.

1950-ல் சார்லஸ் ஷூல்ஸ் தொடங்கிய "பீனட்ஸ்" என்ற படக்கதையில் லைனஸ் என்ற சிறுவன் வருவான். அவன் கையை விட்டுப் போர்வை அகலாது. ஸ்னூப்பி என்ற நாய் தன் கூண்டின் கூரைமேல் ஏறி உட்காரும். தன்னை முதல் உலகப் போரில் சண்டையிட்ட விமானி என்று நினைத்துக்கொள்ளும்!

இவை அனைத்தும் தினசரிப் பத்திரிகைகளில் வந்தவை. அதுதான் முக்கியம். பத்திரிகையை அப்பாவும் படிக்கிறார்; பிள்ளையும் படிக்கிறது. பிள்ளை புலியைப் பார்த்துச் சிரிக்கிறது. அப்பா, தான் மறந்துபோன குழந்தைப் பருவத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். ஒரே காகிதத்தில் இரண்டு பேருக்கும் விருந்து!

ஆராய்ச்சி சொல்வது என்ன?

"இதெல்லாம் கதைக்குச் சரி. நிஜ வாழ்க்கையில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் பயமாக இராதா?" என்று தாய்மார்கள் கேட்கலாம்.

அந்தப் பயம் புதிது அல்ல. கண்ணுக்குத் தெரியாத தோழனோடு பேசும் பிள்ளைக்கு மனதில் ஏதோ குறை என்று படித்தவர்களே ஒரு காலத்தில் நினைத்தார்கள்.

அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஜரி டெய்லர் என்ற மனோதத்துவப் பேராசிரியை இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1999-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். 2004-ல் அவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆராய்ச்சியின் முடிவு ஆச்சரியமானது.

அவர்கள் ஆராய்ந்த பிள்ளைகளில், 7 வயதுக்குள் கற்பனைத் தோழன் ஒருவனாவது இருந்த பிள்ளைகள் நூற்றுக்கு 65 பேர்! உயிர் உள்ளதுபோல் பாவிக்கும் பொம்மைகளும் இந்தக் கணக்கில் சேரும். ஹாப்சும் இந்தக் கணக்கில் சேர்ந்தவன்தான்.

நூற்றுக்கு 65 பேருக்கு இருப்பதை நோய் என்று சொல்லலாமா?

இன்னொரு விஷயம். இந்தப் பிள்ளைகள் கூச்சப்பட்டு மூலையில் ஒதுங்குபவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆராய்ச்சியில் அப்படித் தெரியவில்லை. பிறர் மனதில் என்ன இருக்கிறது என்று அறிந்துகொள்வதில் இவர்கள் சற்று முன்னால் நிற்பதாகக்கூடச் சில ஆராய்ச்சிகளில் தெரிந்தது.

தோழன் நிஜம் அல்ல என்பது பிள்ளைகளுக்கே தெரியும். ஆராய்ச்சிக்காரர்கள் அக்கறையோடு கேள்வி மேல் கேள்வி கேட்டபோது, "இது சும்மா விளையாட்டுக்குத்தானே!" என்று சில பிள்ளைகள் அவர்களுக்கே புத்தி சொன்னார்களாம்!

பொய் வேறு, விளையாட்டு வேறு

"இப்படி விட்டால் பிள்ளை பொய் சொல்லப் பழகிவிடாதா?" இது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி.

பொய் என்பது பிறரை ஏமாற்றுவதற்குச் சொல்வது. அதில் லாபம் தேடுவது. விளையாட்டில் ஏமாற்று இல்லை. மணலைச் சோறு என்று பரிமாறும் சிறுமி யாரையும் ஏமாற்றவில்லை. அதைச் சாப்பிட வேண்டும் என்று அவள் எதிர்பார்ப்பதும் இல்லை.

ஆனால் கால்வின் யோக்கியன் அல்ல! வீட்டில் ஏதாவது சேதம் ஆனால் "நான் செய்யவில்லை, ஹாப்ஸ்தான் செய்தது" என்று சொல்லுவான். இது விளையாட்டு அல்ல. தண்டனையில் இருந்து தப்பும் வழி. இது பொய்.

அப்போது அவன் பெற்றோர் விட்டுவிடுவதில்லை. கண்டிக்கிறார்கள். ஆனால் கவனியுங்கள். தண்டனை கால்வினுக்குத்தான். புலியைக் குப்பைத் தொட்டியில் போடவில்லை! அம்மா அந்தப் பொம்மையைத் துவைத்துக் கொடுக்கிறாள். தப்பைக் கண்டித்தார்கள், தோழனைப் பறிக்கவில்லை. இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு வீட்டிலும் கடைப்பிடிக்கலாம்.

அப்பாவும் லேசுப்பட்டவர் அல்ல. பழைய போட்டோக்கள் ஏன் கறுப்பு வெள்ளையாக இருக்கின்றன என்று பையன் கேட்டான். அந்தக் காலத்தில் உலகமே கறுப்பு வெள்ளையாகத்தான் இருந்தது என்று அப்பா முகம் மாறாமல் சொன்னார்! பிள்ளைக்குக் கற்பனை எங்கிருந்து வந்தது என்று வெளியில் தேட வேண்டியது இல்லை.

துக்கத்தில் துணை

1987-ல் வந்த ஒரு தொடர் மறக்க முடியாதது.

அடிபட்டுக் கிடந்த ஒரு சின்ன விலங்குக் குட்டியைக் கால்வின் காண்கிறான். அது ரக்கூன் என்ற காட்டு விலங்கு. அம்மாவை அழைத்து வருகிறான். குட்டியைப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். முடியவில்லை. மறுநாள் அது இறந்துவிடுகிறது.

அப்பா அந்தச் செய்தியைச் சொல்கிறார். பையன் அழுகிறான். சாவு என்றால் என்ன என்பதை அவன் முதல் தடவையாக நேரில் காண்கிறான்.

பெற்றோர் ஆறுதல் சொன்னார்கள். ஆனாலும் அவன் மனதில் இருந்த கேள்விகளை எல்லாம் யாரிடம் கேட்டான்? ஹாப்சிடம்தான்.

பெரியவர்களுக்குத் துக்கம் வந்தால் உற்றாரிடம் சொல்லி அழுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்ல வார்த்தை கிடையாது. பொம்மையிடம் பேசிப் பேசித்தான் அந்த வார்த்தையைக் கண்டுபிடிக்கிறது. அந்த நேரத்தில் ஒருவர் வந்து "பொம்மையோடு என்ன பேச்சு?" என்று சிரித்தால், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். மனதையும் சேர்த்து மூடிக்கொள்ளும். பிறகு பெற்றோர் கேட்டாலும் எதையும் சொல்லாது.

கேலியால் வரும் நஷ்டம் இதுதான்.

விற்க மறுத்தார்

கதை புகழ் பெற்றதும் வியாபாரிகள் வந்தார்கள். ஹாப்ஸ் பொம்மை செய்து கடைகளில் விற்கலாம் என்றார்கள். படம் போட்ட சட்டை, கோப்பை எல்லாம் விற்கலாம் என்றார்கள். கோடிக்கணக்கில் பணம் கிடைக்கும்.

வாட்டர்சன் மறுத்துவிட்டார். கதையைப் பத்திரிகைகளுக்கு விநியோகித்த ஸ்தாபனத்தோடு இதற்காகப் பல ஆண்டுகள் வாதாடினார். கடைசியில் அவர் பக்கமே வெற்றி.

பணம் வேண்டாம் என்று சொன்னவரைப் பைத்தியக்காரர் என்று சிலர் நினைத்திருப்பார்கள். ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கடையில் ஹாப்ஸ் பொம்மை விற்றால், ஹாப்ஸ் பொம்மைதான் என்று தீர்ப்பு ஆகிவிடும். புலி செத்துவிடும்!

வெறும் அட்டைப்பெட்டி போதும்

கால்வினிடம் விலை உயர்ந்த விளையாட்டுச் சாமான் எதுவும் தேவைப்படவில்லை. ஓர் அட்டைப்பெட்டி போதும். அதைக் கவிழ்த்துப் போட்டால், ஆளை வேறு உருவமாக மாற்றும் இயந்திரம். ஒருக்களித்து வைத்தால், ஒருவனைப் பல பேராக ஆக்கும் இயந்திரம். நிமிர்த்தி வைத்து உள்ளே ஏறி உட்கார்ந்தால், காலத்தைத் தாண்டிப் பறக்கும் வண்டி!

அவர்கள் ஆடும் பந்தாட்டத்துக்கு நிரந்தரமாக ஒரே ஒரு விதிதான். ஒரு தடவை ஆடியதுபோல் மறு தடவை ஆடக்கூடாது!

பெட்டிக்குக் காசு இல்லை. விதிக்குப் புத்தகம் இல்லை. வேண்டியது இரண்டே இரண்டு. ஒன்று, பிள்ளைக்குக் கொஞ்சம் சும்மா இருக்கும் நேரம். இரண்டு, அந்த நேரத்தில் குறுக்கிடாத பெரியவர்கள்.

இன்று இந்த இரண்டுக்கும்தான் பஞ்சம். பள்ளி விட்டதும் டியூஷன். டியூஷன் விட்டதும் வீட்டுப்பாடம். மீதி நேரத்தில் கையில் செல்போன். பிள்ளை அழுதால் செல்போன். சாப்பிட மறுத்தால் செல்போன்.

இப்போது தானாகவே பதில் பேசும் பொம்மைகளும் கடைக்கு வந்துவிட்டன. கேள்வி கேட்டால் பதில் சொல்லும். கதை கேட்டால் கதை சொல்லும். பெற்றோருக்கு வேலை மிச்சம் என்று தோன்றும்.

ஆனால் யோசித்துப் பார்க்க வேண்டும். ஹாப்ஸ் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் யார் உண்டாக்கினார்கள்? அந்த வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், கால்வின்தான் என்பார்கள். தன் பக்கத்தையும் பேசி, எதிர்ப் பக்கத்தையும் பேசினான். அதுதான் பயிற்சி. "நான் அப்படிச் சொன்னால் அவன் என்ன சொல்வான்?" என்று பிறர் மனதைப் புரிந்துகொள்ளும் பயிற்சி. பேசும் பொம்மை அந்த எதிர்ப் பக்கத்தைத் தானே பேசிவிடுகிறது. பிள்ளையின் பாதி வேலையைப் பறித்துக்கொள்கிறது. பேசாத பொம்மைதான் பிள்ளையைப் பேச வைக்கும்!

எப்போது கவனிக்க வேண்டும்?

எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடலாமா? கூடாது.

கற்பனைத் தோழனைக் கண்டு பிள்ளையே பயந்து நடுங்கினால் கவனிக்க வேண்டும். "அவன் அடிக்கச் சொல்கிறான், அதனால் அடித்தேன்" என்று பிறரைத் துன்புறுத்தினால் கவனிக்க வேண்டும். நிஜப் பிள்ளைகளோடு சேரவே மறுத்து, சாப்பாடும் தூக்கமும் கெட்டால் கவனிக்க வேண்டும். அப்போது மருத்துவரைப் பார்ப்பதே சரி.

மற்ற நேரங்களில் செய்ய வேண்டியது எளிது. கேலி வேண்டாம். அதட்டல் வேண்டாம். அளவுக்கு மீறி அதில் புகுந்து, "உன் தோழன் இன்று என்ன சொன்னான்?" என்று துருவித் துருவிக் கேட்பதும் வேண்டாம். அது பிள்ளையின் ராஜ்யம். அழைத்தால் போகலாம். அழைக்காவிட்டால் வாசலிலேயே நிற்கலாம்.

இந்தத் தோழன் என்றைக்கும் இருக்கப் போவது இல்லை. பிள்ளை வளரும். பள்ளித் தோழர்கள் வருவார்கள். பொம்மை ஒரு நாள் பரண்மேல் ஏறிவிடும். அவனை யாரும் விரட்ட வேண்டியது இல்லை. அவனே சொல்லாமல் போய்விடுவான்.

போகும் வரை இருக்கட்டும். சாப்பாட்டு வேளையில் "என் நண்பனுக்கும் ஓர் இலை போடு" என்று பிள்ளை கேட்டால், ஒரு சின்ன இலையைப் போடுங்கள். குறைந்துபோவது ஒன்றும் இல்லை!